"டிக் லேபிள்": கீற்றெழுத்து என்று சொல்லலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வரைபடத்தின் அச்சில் வரிசையாக நிற்கும் சின்னக் கோடுதான் "டிக்", அதன் பக்கத்தில் வரும் எண்ணோ பெயரோ "டிக் லேபிள்". இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் இதுவரை குறிச்சிட்டை, அளவுக்குறி, கணுப்பெயர் என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. ஒரு சொல் நிற்குமா என்பது அதை வைத்து வேலை செய்து பார்த்தால்தான் தெரியும். அதனால் போன வாரம் எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பைத்தான் மொழியில் வரைபடம் வரைய உதவும் மேட்பிளாட்லிப்பில் ஓர் ஊரின் வெப்பநிலை, மழை, ஈரப்பதம் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தேன். கீழே ஓடும் 12 மாதங்கள் மூன்றுக்கும் ஒன்றே. ஆகவே ஒவ்வொரு துணைப்படத்தையும் தனித்தனியாகச் சேர்த்து, ஷேர்எக்ஸ் என்ற அமைப்பைக் கொடுத்து எக்ஸ் அச்சை, அதாவது கிடை அச்சை, இணைத்தேன். மாதப்பெயர்கள் மூன்று படத்திலும் வந்து இடத்தை அடைத்தன. மேலே உள்ள படத்தில் மட்டும் அவற்றை எடுத்துவிடலாம் என்று, டிக் லேபிள்களை எழுதும் செட்_எக்ஸ்டிக்லேபிள்ஸ் கட்டளைக்கு வெற்றுப் பட்டியலைக் கொடுத்தேன். மூன்றிலும் மாதங்கள் மறைந்துவிட்டன!

காரணம் இதுதான். அச்சை இணைத்தால் அது தொடங்கி முடியும் எல்லைகள் மட்டும் ஒன்றாவதில்லை. டிக் கோடுகள் எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்யும் லொக்கேட்டரும், அங்கே என்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்யும் ஃபார்மேட்டரும் எல்லாப் படங்களுக்கும் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் அந்த எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமா, எந்த அளவில், எந்தச் சாய்வில் என்பதெல்லாம் அந்தந்தப் படத்தின் சொந்த விஷயம். நான் தொட்டிருக்க வேண்டியது, டிக்கின் தோற்றத்தை மாற்றும் டிக்_பாராம்ஸ் கட்டளையில் உள்ள லேபிள்பாட்டம் அமைப்பை; கீழே எழுத்து தெரிய வேண்டுமா என்பதை அதுதான் சொல்லும். லேபிள்_அவுட்டர் என்ற வசதியும் உண்டு, ஓரத்துப் படங்களில் மட்டும் எழுத்தை விட்டுவைக்கும்.

இரண்டு வீட்டுக்கு நடுவே பொதுச்சுவர் இருக்கிறதல்லவா? சுவரை இடித்தால் இரண்டு வீட்டுக்கும் போகும். என் பக்கம் மாட்டிய நாட்காட்டியைக் கழற்றினால் என் வீட்டில் மட்டும்தான் போகும். நான் நாட்காட்டியைக் கழற்றப் போய்ச் சுவரை இடித்திருக்கிறேன்.

அதனால்தான் இப்படி இணைத்த அச்சுக்கு, ஆங்கிலத்தில் "ஷேர்டு ஆக்ஸிஸ்" என்பதற்கு, "பகிர்ந்த அச்சு" வேண்டாம் என்கிறேன். பகிர்தல் என்றால் பங்கு போடுவது என்ற பொருளும் நமக்கு உண்டு. அச்சைத் துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்ததாகப் படும். "பொது அச்சு" என்றால் ஒன்றுதான் இருக்கிறது, தொட்டால் எல்லோருக்கும் படும் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

இனி டிக். "குறி" எனக்குச் சம்மதமில்லை. படத்துக்குள் புள்ளியிடும் மார்க்கருக்கும் நாம் குறி என்றுதான் சொல்கிறோம், இரண்டும் ஒரே படத்தில் வரும். "கணு" அழகான சொல். கரும்பில் கணுக்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்துத்தான் நண்பர் சொல்லியிருப்பார். ஆனால் வலையமைப்பில் இணைப்புகள் சந்திக்கும் புள்ளியான நோடுக்குக் கணு என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. நான் முன்வைப்பது "கீற்று". திருநீற்றுக் கீற்று, பிறைக்கீற்று என்று மெல்லிய சிறு கோட்டுக்கு நம்மிடம் இருக்கிற சொல்தான். அச்சின் மேல் நிற்கும் அந்தச் சின்னக் கோடும் அதுவேதானே.

லேபிளுக்குச் "சிட்டை" என்றால் தனியாக எழுதி ஒட்டிய சீட்டு என்று தோன்றும். "மதிப்பு" என்பதும் சரிவராது. 1500000 என்ற மதிப்பை "15 லட்சம்" என்று எழுதச் செய்யலாம். மதிப்பு மாறவில்லை, எழுத்துதான் மாறியது. ஆகவே சுவரெழுத்து போல, கீற்றெழுத்து. அச்சின் தலைப்பாக வரும் "மாதம்", "மி.மீ." போன்றவற்றை அச்சுப்பெயர் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது.

ஃபார்மேட்டருக்கு "வடிவமைப்பி" என்று விக்கியில் ஒருவர் போட்டிருக்கிறார். அதைக் கேட்டால் நிறமும் அளவும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது எண்ணை வாங்கிக்கொண்டு எழுத்தைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். "எழுத்தாக்கி" என்றால் செய்கிற வேலையே பெயராகிவிடும். லொக்கேட்டருக்கு இப்போதைக்கு "இடங்குறிப்பி" என்று வைத்திருக்கிறேன், அதில் எனக்கே முழு நிறைவில்லை.

சரி, சேர்த்து ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: "பொது அச்சில் ஒரு படத்தின் எழுத்தாக்கியை மாற்றினால் எல்லாப் படங்களின் கீற்றெழுத்தும் மாறும், கீற்றெழுத்தை மறைப்பது அந்தப் படத்தோடு நிற்கும்." பைத்தான் கற்கத் தொடங்கிய ஒரு மாணவரிடம் இதை வாசித்துக் காட்டி, புரிகிறதா என்று கேட்டு எழுதுங்கள். அப்புறம், இடங்குறிப்பிக்கு மாற்றாக ஏதாவது தோன்றினாலும் சொல்லுங்கள்.