கல்யாண டிவிடி கம்ப்யூட்டர்ல ஓடலையா? டிஸ்க்கா, டிரைவா, மென்பொருளான்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க

டிஸ்க்கைப் போட்டதும் என்ன நடக்குதுங்கிறதுலயே பாதி விடை இருக்கு. ஆடியோ சிடி நல்லா ஓடுது, எந்த டிவிடியைப் போட்டாலும் "டிஸ்க்கைப் போடவும்"னு கேக்குதுன்னா சந்தேகம் டிரைவ் மேலதான். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். லென்ஸ் ஒண்ணா இருந்தாலும் உள்ள லேசர் ரெண்டு. ஒண்ணு மங்கிப்போனாலும் இன்னொண்ணு வேலை செய்யும். லேப்டாப் டிரைவா இருந்தா தட்டை வெளிய இழுத்ததும் லென்ஸ் நேராவே கண்ணுல படும். பட்டாணி அளவுல நீலம் பாய்ஞ்ச கண்ணாடி. மேல தூசிப் படலம் இருந்தா, பஞ்சுக் குச்சியில ஐசோபுரொபைல் ஆல்கஹால் லேசா நனைச்சு, அழுத்தாம ஒரு சுத்து துடைங்க. லென்ஸ் மெல்லிய கம்பியிலதான் தொங்குது. அழுத்தினா டிரைவ் போச்சு.

டிஸ்க் திறக்குது, வீடியோ டிஎஸ் ஃபோல்டரும் உள்ள ஏறக்குறைய 1 ஜிபி அளவுல விஓபி ஃபைல்களும் தெரியுது, ஆனா படம் மட்டும் வரலைன்னா அது மென்பொருள் விஷயம். விண்டோஸ் 7 ஹோம் பிரீமியத்துல டிவிடிக்கான டிகோடர் (சுருக்கி வச்ச வீடியோவைப் படமா விரிக்கிற மென்பொருள்) கூடவே வந்துச்சு. 2012ல வந்த விண்டோஸ் 8லேர்ந்து அது கிடையாது, 10லயும் இல்லை. இதுக்காகக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். விஎல்சி பிளேயர் போதும், இலவசம்.

*

விஎல்சி போட்ட பிறகும் சிலருக்கு மெனு வர்ற இடத்துலயே உறைஞ்சு நிக்கும். மீடியா மெனுவுல "ஓபன் டிஸ்க்" போய், "நோ டிஸ்க் மெனுஸ்"ல டிக் வச்சு பிளே கொடுங்க, நேரா படத்துக்குப் போயிடும். விட்டு விட்டு ஓடினா பிரிஃபரன்சஸ்ல எல்லா அமைப்பையும் காட்டச் சொல்லிட்டு "டிஸ்க் கேச்சிங்"கைத் தேடுங்க. 300 மில்லிசெகண்ட்னு இருக்கும். 2000 ஆக்குங்க.

ஆள் கை அசைக்கும்போது ஓரத்துல சீப்புப் பல் மாதிரி கோடு தெரிஞ்சா டிஸ்க் கெட்டுப்போகலை. நம்ம ஊர் ஸ்டுடியோ கேமராவுல எடுத்த பழைய கல்யாண வீடியோ பெரும்பாலும் இன்டர்லேஸ் வகை, அதாவது ஒவ்வொரு படத்தையும் ஒண்ணு விட்டு ஒரு கோடா ரெண்டு தவணையில பதியுறது. வீடியோ மெனுவுல டீஇன்டர்லேஸை "ஆன்" பண்ணி, முறையா "யாடிஃப்" வைங்க. மாலை மாத்துற காட்சியைப் போட்டுப் பாருங்க, வித்தியாசம் உடனே தெரியும்.

*

ஒரே இடத்துல நிக்கிற டிஸ்க்கைப் பத்தி அழுத்திச் சொல்லணும். திரும்பத் திரும்ப பிளே கொடுக்காதீங்க. ஒரே லேயர் (தரவு அடுக்கு) இருக்கிற டிவிடி உள்வட்டத்துலேர்ந்து வெளிப்பக்கமா படிக்கப்படுது. கடைசிப் பகுதி திக்கினா வெளி விளிம்பைப் பாருங்க, கைரேகை அங்கதான் இருக்கும். ரெண்டு லேயர் டிஸ்க் பாதியில நின்னா அது லேயர் மாறுற இடமா இருக்கலாம்.

துடைக்கும்போது நடுவுலேர்ந்து விளிம்புக்கு நேர்கோட்டுல துடைங்க. வட்டமா துடைச்சா கீறல் தடத்தோடயே நீளமா ஓடி, தொடர்ச்சியா தரவை அழிக்கும், பிழை திருத்தத்தால அதை ஈடுகட்ட முடியாது. குறுக்குக் கீறல் ஒவ்வொரு தடத்துலயும் ஒரு புள்ளியைத்தான் தொடும். பற்பசை யோசனையை விட்டுடுங்க. பாத்திரம் கழுவுற திரவம் ஒரு சொட்டு, தண்ணி, கண்ணாடி துடைக்கிற துணி, அவ்வளவுதான் தேவை.

அப்புறம் ஓட்டிப் பாக்குறதுக்கு முன்னாடி ஐஎஸ்ஓவா, அதாவது முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலா நகல் எடுத்துடுங்க. ஒரு லேயர் டிஸ்க் 4.7 ஜிபின்னு போட்டிருக்கும், விண்டோஸ்ல 4.37னு காட்டும். ரெண்டு லேயர்னா 8.5. பத்து ஜிபி காலி இடம் வச்சுக்குங்க. நகல் எடுக்கிற இம்க்பர்ன் மென்பொருள்ல படிக்கும் வேகத்தைக் குறைச்சு வைங்க. அதுவும் திணறினா லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூங்கிற தரவு மீட்பு மென்பொருள். இது நல்லா இருக்கிற பகுதியை முதல்ல அள்ளிட்டு, கெட்ட இடத்தைக் கடைசியில தொடும். எது வந்துச்சு, எது வரலைங்கிறதை ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும். அந்த மேப் ஃபைலை அழிக்காம, அதே டிஸ்க்கை வேற டிரைவ்ல போட்டு அதே ஐஎஸ்ஓ மேல மறுபடி ஓட்டினா, விட்டுப்போன துண்டுகளை மட்டும் தேடி நிரப்பும். ஒரு டிரைவுக்குப் படிக்க முடியாததை இன்னொண்ணு படிக்கிறது சகஜம்.

கடையில வாங்கின சினிமா டிவிடியில காப்பி பண்ண விடாத பூட்டு இருக்கும், கல்யாண டிஸ்க்குல அது இருக்காது.

*

மேல ஐஎஸ்ஓ எடுக்கச் சொன்னது டிவிடிக்குப் பொருந்தும். விசிடிக்கு (வீடியோ பதிஞ்ச சிடி) ஐஎஸ்ஓ எடுக்காதீங்க. ஐஎஸ்ஓவுல ஒரு செக்டருக்கு (டிஸ்க்குல தரவு பிரிஞ்சிருக்கிற சின்னத் துண்டு) 2048 பைட்தான். விசிடியோட படப் பகுதியில 2324 பைட் இருக்கு. மீதி இடத்தையும் படத்துக்கே கொடுத்ததாலதான் 80 நிமிஷ சிடியில 80 நிமிஷப் படம் அடங்குது. ஆனா அதுக்கு விலை, பிழை திருத்தத்துல ஒரு அடுக்கு இல்லாம போனது. டிவிடி தாங்குற கீறலை விசிடி தாங்காததுக்கு அதுவும் ஒரு காரணம். எம்பெக்ஏவி ஃபோல்டர்ல இருக்கிற டேட் ஃபைலைக் காப்பி பண்ணும்போது "சைக்ளிக் ரிடன்டன்சி"ன்னு பிழை வந்து நின்னா, BIN, CUE ஃபைல் வடிவத்துல முழு டிஸ்க்கையும் எடுங்க.

இன்னொண்ணு: சிடியில ஒளி திருப்புற படலம் லேபிளுக்கு நேர் கீழ இருக்கு. ஸ்டுடியோ ஒட்டின பேப்பர் ஸ்டிக்கர் தூக்கியிருந்தா பிய்க்காதீங்க, படமும் சேர்ந்து வந்துடும். டிஸ்க்கை ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சா, ஊசித் துளை மாதிரி வெளிச்சம் தெரியுற இடமெல்லாம் தரவு போன இடம். டிவிடியில தரவு ரெண்டு 0.6 மில்லிமீட்டர் தட்டுக்கு நடுவுல இருக்கிறதால அந்த ஆபத்து குறைவு.

*

யூஎஸ்பியில சொருகுற டிவிடி டிரைவ் வச்சிருக்கிறவங்களுக்கு: டிக் டிக்னு சத்தம் வந்து, டிரைவ் மறைஞ்சு மறைஞ்சு வந்தா முதல்ல பவரைப் பாருங்க. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும், 3.0ல 900. டிஸ்க் சுழல ஆரம்பிக்கிற நொடியிலதான் இழுப்பு அதிகம். ஹப்பைக் கழட்டிட்டு, டெஸ்க்டாப்புல பின்பக்கப் போர்ட்டுல நேரா சொருகுங்க, குட்டையான கேபிளா இருக்கட்டும்.

*

கடையில விக்கிற டிவிடியில எந்த நாட்டுல ஓடணும்னு ஒரு மண்டல எண் இருக்கும்: சிங்கப்பூர், மலேசியாவிலேர்ந்து வந்த டிஸ்க்குல மண்டலம் 3, கனடான்னா 1, லண்டன்னா 2, இந்தியாவுக்கு 5. டிரைவோட மண்டலத்தை மொத்தம் 5 தடவைதான் மாத்தலாம், அப்புறம் கடைசியா வச்சதுலயே பூட்டிக்கும். விண்டோஸ் கேட்டதும் ஓகே கொடுத்துடாதீங்க. விஎல்சியில முதல்ல போட்டுப் பாருங்க, பல டிரைவ்ல மாத்தாமலே ஓடும்.

*

மினி டிவிடியில பதிவு பண்ற ஹேண்டிகேம் டிஸ்க் கம்ப்யூட்டர்ல காலின்னு காட்டினா, காலின்னு நம்பி எதையும் எழுதிடாதீங்க. ஃபைனலைஸ் பண்ணாம, அதாவது மத்த டிரைவும் படிக்கிற மாதிரி பதிவை முடிச்சு மூடாம இருக்கும். அந்தக் கேமராவே இருந்தா, சார்ஜரை மாட்டிட்டு மெனுவுல "ஃபைனலைஸ்" கொடுங்க. நடுவுல பேட்டரி தீர்ந்தா டிஸ்க் கெடும். கேமரா இல்லைன்னா ஐசோபஸ்டர்ங்கிற மென்பொருள்ல திறங்க, முடிக்கப்படாத டிஸ்க்குல இருக்கிற விஆர்ஓ, விஓபி பதிவுகளைத் தேடி எடுக்க அதுக்குத் தெரியும்.