நீலகிரி மலை ரயில் எஞ்சினின் காகித மாதிரி: பொதுவில் வெளியிடுவதற்கு முன் எவற்றைச் சரிசெய்ய வேண்டும்?

கேள்வி: மலைப்பாதை

அனைவருக்கும் வணக்கம். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதையில் ஏறும் எக்ஸ் வகை நீராவி எஞ்சினை 1:50 அளவில் காகித மாதிரியாக வடிவமைத்து வருகிறேன். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் எஸ்.எல்.எம். நிறுவனம் உருவாக்கிய எஞ்சின் வகை இது. ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட எட்டுச் சக்கரங்களும் அவற்றுக்குப் பின்னால் இரண்டு துணைச் சக்கரங்களும், ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்களும் உள்ள இதன் அமைப்பு வேறு எந்த எஞ்சினை வரைந்தபோதும் எனக்குக் கிடைக்காத மகிழ்ச்சியைத் தந்தது. நீலகிரிப் பாதையின் அகலம் 1000 மி.மீ. என்பதால் 1:50 அளவில் தண்டவாள இடைவெளி மிகச் சரியாக 20 மி.மீ. வருகிறது. அந்த வசதிக்காகவே இந்த அளவைத் தேர்ந்தெடுத்தேன்.

பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாண வடிவத்தை வரைந்து, அதற்கான காகித மாதிரி ஆட்-ஆன் (துணைநிரல்) மூலம் தட்டையான துண்டுகளாக விரித்து, கோடுகளையும் வண்ணங்களையும் இங்க்ஸ்கேப்பில் சீர்செய்திருக்கிறேன். கொதிகலன், பக்கவாட்டு நீர்த்தொட்டிகள், ஓட்டுநர் அறை ஆகியவை நான் செய்த பிரதியில் நன்றாகப் பொருந்தின. ஆனால், சோதனைக்காகக் கோப்பைப் பெற்றுச் செய்து பார்த்த நண்பர்கள் மூன்று குறைகளைச் சொல்கிறார்கள். கொதிகலனின் மேலுள்ள நீராவிக் குவிமாடம் சிறுசிறு முக்கோணங்களாக விரிவதால் அதை ஒட்டவே முடியவில்லை என்பது முதலாவது. கொதிகலனுக்குள் செருகும் வட்டத்தட்டுகள் சிலருக்கு உள்ளே நுழையவில்லை என்பது இரண்டாவது. ஒருவருடைய பிரதி முழுவதுமே சிறிதாக வந்துவிட்டது என்பது மூன்றாவது. இவற்றுக்கு என்ன தீர்வு? வெளியிடும்போது பிடிஎஃப் மட்டும் தருவது போதுமா, பிறர் திருத்தக்கூடிய மூல வரைவையும் தர வேண்டுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: அட்டைத்தச்சன்

வணக்கம் நண்பரே. நல்ல எஞ்சினைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். முதல் இரண்டு சிக்கல்களும் காகிதத்தின் இயல்பை மென்பொருள் அறியாததால் வருபவை. ஆகவே அவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தட்டையான தாள் ஒரு திசையில் மட்டுமே வளையும். அதை உருளையாகவோ கூம்பாகவோ சுருட்டலாம்; கசங்காமல் கோளமாக்க முடியாது. கோளப் பரப்பைத் தட்டையாக விரிக்க இயலாது என்பது 1827-இல் காஸ் நிறுவிய வளைபரப்புத் தேற்றத்திலிருந்தே பெறப்படும் முடிவு. எந்த மென்பொருளாலும் அதை மாற்ற இயலாது. மென்பொருள் செய்வதெல்லாம் குவிமாடத்தை முக்கோணங்களாக உடைத்து ஒரு வரிசையில் அடுக்கித் தருவதுதான். அந்த வரிசை கைக்கு வசதியானதா என்று அது பார்ப்பதில்லை. எனவே குவிமாடம், புகைபோக்கியின் வாய் போன்ற உறுப்புகளைத் தானாக விரிக்க விடாமல் தனியே கணக்கிட்டு வரையுங்கள்.

உங்கள் வரைவில் குவிமாடத்தின் விட்டம் 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதைச் சாத்துக்குடிச் சுளைகள் போலப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு சுளையின் அகலமும் அதன் அகன்ற இடத்தில்கூட 3.1 மி.மீ.தான் இருக்கும், அதன் ஓரத்தில் ஒட்டுப்பட்டை வைக்க இடமே இராது. இந்த அளவுக்குச் சுளை முறை ஒத்துவராது. மாறாக, அரைக்கோளத்தை அடியிலிருந்து உச்சிவரை 30 பாகைக்கு ஒன்றாக மூன்று வளையங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு கூம்பின் துண்டு. அடி ஆரத்தைக் கூம்பின் முழுச் சாய்வு நீளத்தால் வகுத்து 360-ஆல் பெருக்கினால் விரிந்த வில்லின் கோணம் கிடைத்துவிடும். 6 மி.மீ. ஆரமுள்ள அரைக்கோளத்துக்கு அடி வளையத்தின் வெளி ஆரம் 23.2 மி.மீ., கோணம் 93 பாகை. நடு வளையத்துக்கு 7.35 மி.மீ., 255 பாகை. உச்சிக் கூம்புக்கு 3.1 மி.மீ., 348 பாகை. மூன்றிலும் வளையத்தின் அகலம் 3.1 மி.மீ. தான். இந்த மூன்று துண்டுகளின் மூட்டுகளும் ஓட்டுநர் அறையை நோக்கிய பக்கத்தில் வருமாறு வரைந்துவிட்டால், முன்னிருந்து பார்ப்பவருக்கு ஒரு மூட்டும் தெரியாது. ஒட்டியபின் ஸ்பூனின் முதுகால் மெல்லத் தேய்த்தால் வளையங்களுக்கு இடையிலான முனைப்பும் பெருமளவு மறைந்துவிடும்.

அடுத்தது வட்டத்தட்டு. இங்கே தாளின் கனம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். கொதிகலனின் வெளி விட்டம் 25 மி.மீ. என்று கொள்ளுங்கள். தாளைச் சுருட்டும்போது வெளிப்புறம் சற்று நீள்கிறது, உட்புறம் சற்றுச் சுருங்குகிறது, கனத்தின் நடுப்பகுதியே நீளம் மாறாமல் இருக்கிறது. ஆகவே 0.2 மி.மீ. தாளுக்குப் பட்டையின் நீளத்தை 25-க்குக் கணக்கிடாமல் 24.8-க்குக் கணக்கிட வேண்டும், அது 77.9 மி.மீ. உள்ளே செருகும் தட்டின் விட்டம் 24.6 மி.மீ. இதே பக்கத்தை ஒருவர் 0.4 மி.மீ. கனமுள்ள அட்டையில் அச்சிட்டால், சுருண்ட பட்டையின் உள் விட்டம் 24.4 ஆகக் குறைந்துவிடும். 24.6 மி.மீ. தட்டு அதற்குள் நுழையாது. வலிந்து நுழைத்தால் மூட்டில் 0.6 மி.மீ. வெள்ளைக் கோடு வாய்பிளந்து நிற்கும். உங்கள் நண்பர்களுக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்கும். எந்த ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளுக்காக வரைந்தீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள். வட்டத்தட்டுகளில் 24.6, 24.4 என இரண்டு வெட்டுக்கோடுகளைப் பொதுமையத்தில் போட்டுவிட்டால், கனமான அட்டைதான் கிடைத்தது என்பவரும் வேலையை நிறுத்த வேண்டியிராது.

கொதிகலன் பட்டையின் மேல் மென்பொருள் போட்ட மடிப்புக்கோடுகள் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். அவை இருந்தால் புதிதாகச் செய்பவர் ஒவ்வொன்றையும் மடித்துவிடுவார்; உருளை கிடைக்க வேண்டிய இடத்தில் பல பட்டைகள் கொண்ட கம்பம் கிடைக்கும். தாளின் இழை கொதிகலனின் நீளவாக்கில் ஓடுமாறு உறுப்பை வைப்பதும் முக்கியம். தாளை இரு திசைகளிலும் லேசாக வளைத்துப் பார்த்து எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் அச்சுக்கு இணையாகவே இழை ஓடுகிறது என்று செய்முறையில் ஒரு வரி சேருங்கள்.

பதில்: ரொறன்ரோ வாசகர்

வணக்கம். சிறிதாக வந்த பிரதியைச் செய்தவர் கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள். இங்கே கடைகளில் கிடைப்பது ஏ4 அல்ல, லெட்டர் அளவுத் தாள். ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ., லெட்டரின் உயரம் 279 மி.மீ. பக்கத்துக்குப் பொருந்துமாறு அச்சிடச் சொன்னால் அச்சுப்பொறி எல்லாவற்றையும் ஏறத்தாழ 94 விழுக்காட்டுக்குச் சுருக்கிவிடும். உங்கள் 20 மி.மீ. தண்டவாளம் 18.8 ஆகிவிடும். எல்லாப் பக்கங்களும் ஒரே விகிதத்தில் சுருங்கினால் மாதிரி பொருந்தத்தான் செய்யும். ஆனால் சில பக்கங்களை வீட்டிலும் சில பக்கங்களைக் கடையிலும் அச்சிட்டால் ஒன்றும் ஒன்றும் சேராது. அதோடு தாளின் கனம் மட்டும் சுருங்குவதில்லை என்பதால், மேலே அட்டைத்தச்சன் ஐயா சொன்ன இடைவெளிக் கணக்கும் தப்பிவிடும்.

இதற்கு நான் பின்பற்றும் வழி எளிது. உறுப்புகள் யாவற்றையும் 190 மி.மீ. அகலமும் 255 மி.மீ. உயரமும் கொண்ட கட்டத்துக்குள் அடக்கிவிட்டால் இரண்டு வகைத் தாளிலும் நூறு விழுக்காட்டில் அச்சிடலாம். ஒவ்வொரு பக்கத்திலும் கிடையாக ஒன்றும் நெடுக்காக ஒன்றுமாக 100 மி.மீ. அளவுக்கோடு போட்டு, அதை ஸ்கேலால் அளந்து பார்த்த பிறகே கத்தரியை எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு கோடு மட்டும் போதாது; சில அச்சுப்பொறிகள் தாளை இழுக்கும் திசையில் மட்டும் சிறிது பிழை செய்யும்.

அச்சைப் பற்றி இன்னொன்று. லேசர் அச்சின் டோனர் மடிப்பில் வெடித்து வெள்ளை தெரியும். இங்க்ஜெட் மையோ பசையின் ஈரம் பட்டால் கசியும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் கோடு கீறிய பிறகே மடிக்க வேண்டும், ஓரங்களுக்கு முன்கூட்டியே வண்ணம் தீட்ட வேண்டும் என்பவை நமக்குப் பழகிப்போனவை; புதிதாக வருபவருக்கு அவற்றை யாராவது சொன்னால்தான் தெரியும். வெட்டுக்கோட்டுக்கு வெளியே ஒன்றரை மி.மீ. அளவுக்கு வண்ணத்தை நீட்டிவிட்டால், கத்தி கொஞ்சம் விலகினாலும் வெள்ளை விளிம்பு வராது.

பதில்: தாளும் கத்தியும்

மூல வரைவைத் தர வேண்டுமா என்ற கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். உடனே தர வேண்டாம். சோதனைப் பிரதிகள் முடியாத நிலையில் மூலத்தை வெளியிட்டால், திருத்தப்படாத குவிமாடத்தோடு நாலு பேர் நாலு வண்ணத்தில் வெளியிடுவார்கள். பிறகு நீங்கள் திருத்தினாலும் அந்தப் பழைய பிரதிகளே சுற்றிக்கொண்டிருக்கும். முன்பின் அறியாத இருவராவது, உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், தாளையும் செய்முறையையும் மட்டும் பார்த்து முழு எஞ்சினையும் செய்து முடிக்கட்டும். அவர்கள் தயங்கி நிற்கும் இடமெல்லாம் உங்கள் செய்முறையில் படம் தேவைப்படும் இடம். இந்த எஞ்சினில் அது பெரும்பாலும் இரட்டைச் சிலிண்டர்களும் அவற்றிலிருந்து போகும் இணைப்புத் தண்டுகளுமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

அந்தத் தண்டுகளை ஒற்றைத் தாளில் வெட்டினால் வளைந்து தொங்கும். தாளை இரண்டாக மடித்து ஒட்டி, ஃபெவிகால் நன்கு காய்ந்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். காய்வதற்குள் வெட்டினால் அடுக்குகள் நழுவும். அட்டையில் ஒட்டிக் கனமாக்க வேண்டிய உறுப்புகளைத் தனிப் பக்கத்தில் தொகுத்து, உடுக்குறி (*) போட்டுக் காட்டுவது போலந்து மாதிரிகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். நம்மவர்களுக்கும் அது உடனே புரியும். அட்டை வாங்க அலைய வேண்டியதில்லை, பழைய காலண்டர் அட்டையே போதும்.

பதில்: வண்ணச்சுருள்

தாளும் கத்தியும் நண்பர் சொன்ன சோதனை முறையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சோதனை முடிந்த பின் மூலத்தைக் கட்டாயம் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எக்ஸ் வகையில் விண்டர்தூரிலிருந்து வந்தவையும் உண்டு, பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையில் கட்டப்பட்டவையும் உண்டு. நிலக்கரியில் ஓடுபவையும் எண்ணெயில் ஓடுபவையும் உண்டு. இத்தனை வேறுபாடுகளையும் ஒருவரே வரைந்துகொண்டிருக்க முடியாது. மூலம் கையில் இருந்தால் தனக்குப் பிடித்த எஞ்சினின் எண்ணையும் வண்ணத்தையும் வேறொருவர் வரைந்து சேர்ப்பார், இன்னொருவர் அதற்குப் பெட்டிகளை வரைவார். ஒரு மாதிரி நெடுநாள் வாழ்வது இப்படித்தான்.

நிபந்தனைக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், பெயர் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றி வெளியிட்டால் அதே நிபந்தனையில் வெளியிட வேண்டும் என்று கூறும் உரிமம் இந்தப் பொழுதுபோக்குக்கு நன்றாகப் பொருந்தும். மாற்றங்களைத் தடைசெய்யும் உரிமத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒருவர் வண்ணத்தை மாற்றி வெளியிடவும் வழியில்லாமல் போகும். உரிமத்தின் பெயரைப் பிடிஎஃப்பின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதுங்கள். தனித்தனிப் பக்கங்களாகப் பிரிந்து பரவும்போது முதல் பக்கம் கூடவே போவதில்லை. ஓட்டுநர் அறையின் துருவுக்கோ மரத்தரைக்கோ பிறர் எடுத்த ஒளிப்படத்தைப் பயன்படுத்தியிருந்தால், உரியவரின் அனுமதியை இப்போதே பெற்றுவிடுங்கள். நீங்களே தர உரிமையில்லாத ஒன்றை மற்றவர்களுக்குத் திறந்துவிட முடியாது.

கோப்பை ஒரே இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். யமஹா மோட்டார் நிறுவனம் தன் மோட்டார் சைக்கிள்களின் மிக நுணுக்கமான காகித மாதிரிகளைப் பல ஆண்டுகள் இலவசமாகத் தந்துவந்தது; 2018-இல் அந்தப் பக்கத்தை மூடிவிட்டது. முன்பே இறக்கி வைத்திருந்தவர்களிடம்தான் அவை மிஞ்சின. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் பக்கத்துக்கே அந்த நிலை என்னும்போது, தனி ஒருவருடைய கோப்பு இரண்டு மூன்று இடங்களில் இருப்பதே பாதுகாப்பு.

மலைப்பாதை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ரொறன்ரோ நண்பர் ஊகித்தது சரி. சிறிய பிரதி லெட்டர் தாளில் அச்சிடப்பட்டதுதான். குவிமாடத்தை மூன்று வளையங்களாக மாற்றி வரைந்துவிட்டேன். என் வரைவில் அதன் விட்டம் 11 மி.மீ. என்பதால் ஆரங்களை மட்டும் அந்த விகிதத்தில் குறைத்தேன், கோணங்கள் அப்படியே இருக்கின்றன. வட்டத்தட்டுகளில் இரட்டைக் கோடும், எல்லாப் பக்கங்களிலும் இரண்டு அளவுக்கோடுகளும் சேர்ந்துவிட்டன. ஓட்டுநர் அறையின் தரைக்கு இணையத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அதை நீக்கிவிட்டுக் கையால் வரைந்த பலகைக் கோடுகளை வைத்திருக்கிறேன். வண்ணச்சுருள் சொன்ன உரிமத்தையே ஏற்கிறேன், மூல வரைவு சோதனைக்குப் பிறகு வெளிவரும். இதுவரை இந்த எஞ்சினைச் செய்து பார்க்காதவர்களில் இருவர் சோதனைக்கு முன்வந்தால் கோப்பை அனுப்புகிறேன்.

ரொறன்ரோ வாசகர்

எனக்கு அனுப்புங்கள். லெட்டர் தாளில், 0.25 மி.மீ. அட்டையில் அச்சிட்டுச் செய்கிறேன். செய்முறையில் விளங்காத இடம் வந்தால் உங்களிடம் கேட்காமல் அந்தப் படியின் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, முடிந்ததும் ஒளிப்படங்களோடு சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

அட்டைத்தச்சன்

இன்னொரு பிரதியை என்னிடம் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். இதற்குமுன் அவர் வீடுகளும் பெட்டிகளும் செய்திருக்கிறார், உருளை செய்ததில்லை. ஆகவே கொதிகலன் பக்கத்தைப் பற்றி என்னைவிடப் பயனுள்ள கருத்தை அவரே சொல்வார். 170 ஜிஎஸ்எம் ஏ4 தாளில் அச்சிடுகிறோம். கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து அனுப்புங்கள், எந்தத் திருத்தத்தைச் செய்தோம் என்பதில் பின்னர் குழப்பம் வரக் கூடாது.