மடக்கு கத்தில பாக்கெட் க்ளிப்பு நல்லா இருக்கணும்னா இன்னா பாக்கணும்?

எண்ணூர்_லாஷிங்

எல்லாருக்கும் வணக்கம்பா. நமக்கு திருவொற்றியூர் தாண்டி ஒரு கண்டெய்னர் யார்டுல வேலை, பேலட்ல சுத்தி வர்ற ஸ்ட்ரெச் ஃபிலிம், பீபி ஸ்ட்ராப்பு, நைலான் கயிறு இத்தெல்லாம் அறுக்கறதே பொழப்பு. சாதா கட்டர்ல ப்ளேடு பட்டு பட்டுனு ஒடையுதுன்னு ஆன்லைன்ல ஒரு மடக்கு கத்தி வாங்கினேன், சைனா மால்தான், ஆனா ப்ளேடு சோக்கா கீது, கொறை சொல்ல முடியாது. பேஜாரே அந்த பாக்கெட் க்ளிப்புதான். ஜீன்ஸ் போட்டுகினு போனா மாட்டவும் முடியல கயட்டவும் முடியல, மல்லுகட்டி இஸ்க்க வேண்டியதா கீது. அதே கத்திய யார்டுல குடுத்த யூனிஃபார்ம் பேண்ட்ல மாட்டினா லொடலொடன்னு ஆடுது, லாரி மேலேர்ந்து எறங்கினா கத்தி தரையில. இதுல ஸ்ட்ராப்ப அழுத்தி அறுக்கறப்ப க்ளிப்போட மொனை உள்ளங்கைல வந்து குத்துது, சாயங்காலம் பாத்தா செவந்து போய் கீது.

இன்னொரு ரோதனை இன்னான்னா, ஷிஃப்டு முடிஞ்சி டோல்கேட்டாண்ட டீ குடிக்க நின்னா, பாக்கெட்டுக்கு வெளிய ஹேண்டில் தலை நீட்டிகினு கீறத பாத்துட்டு ஜனம் ஒரு மாதிரியா பாக்குது. நம்ம ஏரியா பேரு ஏற்கனவே சினிமாக்காரன் புண்ணியத்துல எப்டி கீதுன்னு உங்களுக்கே தெரியும், இதுல இது வேற.

க்ளிப்ப வளைச்சி சரி பண்ணலாமா, க்ளிப்பு மட்டும் மாத்தலாமா, இல்ல வேற கத்திதானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வியாசர்பாடி_பட்டறை

தம்பி, நான் கத்தி சேக்கற ஆளு இல்ல, ஆனா தகடும் ஸ்ப்ரிங்கும்தான் நம்ம தொழிலு, அதனால அந்தப் பக்கத்தேர்ந்து சொல்றேன்.

க்ளிப்புன்றது லாரி பட்டை மாதிரி ஒரு பட்டை ஸ்ப்ரிங்கு, அவ்ளோதான். ஒரு முனை ஸ்க்ரூல இறுகி நிக்கும், மறு முனை துணிய அழுத்தும். இதுல ஜனம் எல்லாம் ஏமாறது தடிமன்லதான், தடியா இருந்தா ஸ்ட்ராங்குன்னு நெனச்சிக்கறாங்க. தகடு தடிமன் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா விறைப்பு ரெண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். நீளம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா விறைப்பு எட்டுல ஒரு பங்கா எறங்கிடும். அப்போ கட்டையா தடியா ஒரு க்ளிப்பு இருந்தா இன்னா ஆவும்? துணி கொஞ்சம் தடியா வந்தாலே புடி எகிறிடும், கொஞ்சம் மெல்லிசா வந்தா புடியே இருக்காது. உன் கதை அதேதான், ஜீன்ஸ்ல அடம், யூனிஃபார்ம்ல லொடலொட. நீளமா மெல்லிசா இருக்கற க்ளிப்பு எந்தத் துணியா இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுல புடிக்கும்.

ஆனா மெல்லிசா இருந்தா மட்டும் பத்தாது, சும்மா கீறப்பவே அது ஹேண்டில அழுத்திகினு இருக்கணும். ஒரு பேப்பர் துண்ட க்ளிப்புக்கு அடியில சொருவி இழுத்துப் பாரு. லேசா புடிச்சி இழுத்துகினு வந்தா சரி. தானா வழுக்கிகினு வந்துட்டா நடுவுல கேப்பு கீதுன்னு அர்த்தம், மெல்லிசு துணி அந்த கேப்புலயே பூந்து வந்துடும்.

வளைக்கறதா இருந்தா கயட்டி எடுத்து வளை, கத்தி மேலயே வெச்சி நெம்பாத, ஸ்க்ரூ மரை போய்டும். ஸ்க்ரூ ஓட்டைக்கு பக்கத்துல ஒரு மடிப்பு இருக்கும் பாரு, லோடு பூரா அங்கதான் விழும், அங்க கை வைக்காத, வெடிச்சா அங்கதான் வெடிக்கும். நடுவுல ரெண்டு மரத்துண்டு வெச்சி பொறுமையா அமுக்கு. ப்ளையர்ல புடிக்கணும்னா வாய்க்கு துணி சுத்திக்கோ, பல்லு பதிஞ்ச கோட்டுலேர்ந்துதான் விரிசல் ஓடும். முன்னயும் பின்னயும் மாத்தி மாத்தி வளைக்காத. கேஸ் டார்ச்சுல காட்டி வளைக்கலாம்னு எவனாவது சொன்னா அவன் கைல குடுத்துடாத, பழுக்க காட்டினா ஸ்ப்ரிங்கு பதமே போய் வெறும் தகடாயிடும்.

பெரம்பூர்_லோகோ

பட்டறை அண்ணன் சொன்னது ஸ்ப்ரிங் வரைக்கும் கரெக்ட். ஆனா கையில குத்தறது ஸ்ப்ரிங் பிரச்சனை இல்ல ப்ரோ, அது க்ளிப் உக்காந்திருக்கற எடத்தோட பிரச்சனை.

கொஞ்சம் பின்னாடி போய் சொல்றேன். பாக்கெட் க்ளிப்ப மடக்கு கத்தில பேர் வாங்க வெச்சது ஸ்பைடர்கோன்ற கத்தி கம்பெனிதான், அத ஆரம்பிச்ச சால் கிளெசர் 1981ல கொண்டு வந்த வொர்க்கர்ன்ற மாடல். ப்ளேட்ல ஒரு வட்ட ஓட்டை, ஹேண்டில்ல ஒரு க்ளிப், ரெண்டும் ஒரே காரணத்துக்காகத்தான், ஒரு கையில வேலை இருக்கும்போது இன்னொரு கை கத்திய எடுத்து தொறக்கணும். ஸோ க்ளிப்போட வேலை கத்திய புடிச்சி வெக்கறது மட்டும் இல்ல, எப்பவும் ஒரே எடத்துல, ஒரே திசையில வெக்கறது. கண்ணால பாக்காமயே கை போய் எடுக்கணும். இத மனசுல வெச்சிகிட்டு பாத்தா எது நல்ல க்ளிப்னு பாதி புரிஞ்சிடும்.

வலது கை ஆளுக்கு க்ளிப் உள்ளங்கை பக்கம்தான் வரும், ஏன்னா கட்டை விரல் மறுபக்கத்துலேர்ந்து ப்ளேட தள்ளணும். அதனால ஒவ்வொரு தடவ அழுத்தி அறுக்கும்போதும் நீங்க க்ளிப்ப புடிச்சிதான் அறுக்கறீங்க. துணி உள்ள போறதுக்காக முனைய மேல தூக்கி வெச்சிருப்பாங்க இல்ல, அது எவ்ளோ தூக்கி இருக்குன்னு பாருங்க. ரொம்ப தூக்கி இருந்தா உள்ளங்கைல குத்தும், சேர்ல, பஸ் சீட்ல, ஷேர் ஆட்டோ கம்பில எல்லாம் மாட்டும். தூக்காமயே இருந்தா துணி உள்ள போகாது. கடையில கைல எடுத்தா, தொறந்து இறுக்கி புடிச்சி, அட்டைப்பெட்டிய அறுக்கற மாதிரி அழுத்திப் பாருங்க. எல்லாரும் ப்ளேட ஆட்டிப் பாக்கறாங்களே தவிர இத ஒருத்தரும் பாக்கறதில்ல. கம்பிய வளைச்சி செஞ்ச வயர் க்ளிப் வருது, ஓரமே இல்லாததால கைல தெரியவே தெரியாது, என்னோட ஓட்டு அதுக்குத்தான். டைட்டானியத்த கடைஞ்சி செதுக்கின க்ளிப் ஃபோட்டோல கெத்தா இருக்கும், நெறைய பேர் அதுக்கு காச கொட்டறாங்க, வேலைக்கு வெச்சிக்க எனக்கு புடிக்காது, முக்காவாசி அது தடியா விறைப்பாதான் இருக்கும்.

அடுத்து, ஜீன்ஸ்லேர்ந்து வராதது ஸ்ப்ரிங்னால மட்டும் இருக்காது. ஹேண்டில் ஜீ10 தானே? க்ளிப் முனை உக்கார்ற எடத்துல அந்த சொரசொரப்பு துணிய கவ்விக்கும். அந்த எடத்துல மட்டும் 400 நம்பர் எமரி ஷீட்ட தண்ணியில நனைச்சி தேயுங்க, வழவழன்னு ஆனதும் நிறுத்துங்க. ஜீ10ன்றது கண்ணாடி நாரும் ரெசினும், காஞ்ச தூள் மூச்சுல போகக் கூடாது, அதனால தண்ணி விட்டுதான் தேய்க்கணும், மாஸ்க்கும் போட்டுக்கோங்க. சும்மா பத்து நிமிஷ வேலை, க்ளிப்பே மாத்தின மாதிரி இருக்கும்.

வெளிய தெரியறதுக்கு டீப் கேரி க்ளிப்னு இருக்கு. ஹேண்டில் நுனிக்கு மேல வளைஞ்சி வரும், கத்தி முழுசா பாக்கெட் உள்ள எறங்கிடும், வெளிய ஒரு பேனா க்ளிப் அளவுதான் தெரியும். ஆனா யார்டுல க்ளவுஸ் போட்டு வேலைன்னா யோசிச்சிக்கோங்க, வெளிய ஒண்ணும் நீட்டலன்னா க்ளவுஸ் கையால புடிச்சி எடுக்க பிடியே இருக்காது.

எம்சிரோடு_தையல்

நான் வண்ணாரப்பேட்டைல பேண்ட் தைக்கறவ. எல்லாரும் கத்தியவே பாக்கறீங்க, பாக்கெட்ட யாரும் பாக்கல.

ஜீன்ஸ் பாக்கெட் வாய்ல துணி மடிச்சி ரெண்டு தையல் ஓடியிருக்கும், தடியா நிக்கும். தம்பியோட யூனிஃபார்ம் பாலியெஸ்டர் கலந்த மெல்லிசு துணியாத்தான் இருக்கும், வாய் சாய்வா வெட்டினது, அதுல எந்த க்ளிப்ப மாட்டினாலும் துணி சுருங்கி கத்தி சாஞ்சிதான் தொங்கும். ஆல்டரேஷன் கடைல குடுத்து பாக்கெட் வாய்க்கு உள்பக்கமா ஒரு ட்வில் டேப், அதாவது கெட்டி நாடா, வெச்சி தைக்கச் சொல்லுங்க, ரெண்டு மடிப்பா வெச்சா ஜீன்ஸ் அளவுக்கு தடிமன் வந்துடும். வெளிய ஒண்ணும் தெரியாது. சைடு தையல் ஓரத்துல பார்டேக், அதாவது நெருக்கமா ஒரு கெட்டித் தையல், அடிச்சிருப்பாங்க, அதுக்கு ஒட்டினாப்ல க்ளிப்ப மாட்டுங்க, அங்கதான் துணிக்கு பலம், நடுவுல மாட்டினா வாய் தொங்கிப் போய் கைய விட்டாலே கிழியும்.

என்கிட்ட கிழிஞ்சி வர்ற பேண்ட்ல, மெக்கானிக் பசங்களோடது, எலக்ட்ரீஷியன் பசங்களோடது, பாதி பாக்கெட் ஓரம் நைஞ்சி போய்தான் வருது. அளவு டேப்பு, டெஸ்டர், கத்தி எல்லாத்துலயும் க்ளிப்பு இருக்கு இப்போ. வெளிப்பக்கம் நல்லா இருக்கும், உள்பக்கம் ஹேண்டில் உரசற எடம் சல்லடையாட்டம் இருக்கும். லோகோ தம்பி சொன்ன அந்த எமரி வேலைய மொதல்ல பண்ணுங்க.

காசிமேடு_டீசல்

நைனா, போட்டு இஞ்சின் வேலை பாக்கறவன் சொல்றேன், க்ளிப்ப நம்பாத. குனிஞ்சி இஞ்சின்ல கைய வுட்டா க்ளிப்பு கயண்டு கத்தி போட்டு அடில தேங்கற பில்ஜ் தண்ணில, இல்லன்னா கடல்ல. இங்க வலை அறுக்கறவன் எவனும் க்ளிப்பு வெச்சிக்கறதில்ல, கயிறு கட்டி இடுப்புல தொங்க வுட்டுகினு கீறான், நம்மளும் அத்தான். லாரி மேல ஏறி எறங்கற ஆளு நீயி, ஹேண்டில் பின்னாடி ஓட்டை இருந்தா நைலான் சரடு ஒண்ணு பெல்ட் லூப்போட சேத்து கட்டிக்கோ. ஒரு கொஞ்சூண்டு வாலு வெளிய வுட்டா க்ளவுஸ் போட்டும் புடிச்சி இஸ்கலாம், டீப் கேரி பேஜாரும் தீந்துச்சி.

க்ளிப்புதான் வேணும்னா உப்பு காத்த மறந்துடாத. நம்ம பக்கம் எஸ்எஸ்னு சொல்றதெல்லாமும் துரு புடிக்குது. கறுப்பு பெயிண்ட் அடிச்ச க்ளிப்பு வாங்கினீன்னா மொனைல பெயிண்ட் தேஞ்சி அங்கேர்ந்துதான் சேப்பு ஆரம்பிக்கும், அந்த சேப்பு பேண்ட்ல கறையா புடிக்கும், தொவைச்சாலும் போவாது. க்ளிப்ப விட சீக்கிரம் போறது ஸ்க்ரூதான், அப்டியே புடிச்சிகினு கயட்ட வராது. வாரத்துக்கு ஒருவாட்டி நல்ல தண்ணில கழுவி, துணில தொடச்சி, ஸ்க்ரூ தலைல ஒரு சொட்டு மெஷின் ஆயில். அவ்ளோதான்.

அப்பறம் டோல்கேட் மேட்டர். ஆயுத ரூல்ஸ்ல 9 அங்குலத்துக்கு மேல நீளம், இல்லன்னா 2 அங்குலத்துக்கு மேல அகலம்னுதான் போட்டு கீது, வீட்டு வேலை, தொழில் வேலைக்கு செஞ்சதெல்லாம் அதுல சேராது, உன் கத்தி அந்த கணக்குலயே வராது. ஆனா ராத்திரி வண்டி செக்கிங்ல நின்னுகினு அவரு கிட்ட ரூல்ஸ் பேச முடியுமா? யார்டு கேட்டு தாண்டினதும் கயட்டி டிஃபன் பைக்குள்ள போட்டுட்டு போ. பாக்கெட்ல சொருவிகினு டீக்கடைல நிக்கறது எந்த க்ளிப்பா இருந்தாலும் ஒத்துவராது.

எண்ணூர்_லாஷிங்

எல்லாருக்கும் தேங்க்ஸ்பா, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. பேப்பர் வெச்சி பாத்தேன், தானா வந்துச்சி, கேப்பு கீது. அக்கா சொன்ன டேப்பு ஐடியா சூப்பர், லீவு நாள்ல குடுத்துடறேன். டீசல் அண்ணே, இனிமே கத்தி டிஃபன் பைலதான்.

ரெண்டு டவுட்டு. ஹேண்டில்ல ரெண்டு முனைலயும் க்ளிப்பு மாட்ட ஓட்டை கீது, எத்துல மாட்டறது? அப்பறம் நான் இடது பாக்கெட்ல வெச்சிக்கலாமா, வலதுல ஃபோன் கீது.

பெரம்பூர்_லோகோ

இடது பாக்கெட் வேணாம் ப்ரோ, அதுவும் இப்ப இருக்கற க்ளிப்போட வேணவே வேணாம். மடக்கினா ப்ளேடோட மொனை இருக்கற முனைல, அதாவது பின் பக்கம் க்ளிப்ப மாட்டினா கத்தி பாக்கெட்ல மொனை மேல பாத்து நிக்கும். எடுத்த உடனே கட்டை விரல் சரியான எடத்துல இருக்கும், அதான் இதோட வசதி. வலது பாக்கெட்ல மாட்டும்போது ப்ளேடு தொறக்கற பக்கம் வெளி சைடு தையலுக்கு எதிர வரும், தையல்ல ஒட்டி வெச்சா தானா தொறக்க வழியே இல்ல. அதே க்ளிப்போட இடது பாக்கெட்ல போட்டா அந்தப் பக்கம் திரும்பி பாக்கெட் நடுவுக்கு வந்துடும், கைய விடற எடம் அது. லேசா தொறந்திருந்தா விரல் போச்சு. லூஸ் க்ளிப்பும் அதே ஆபத்துதான், வலதுலயே இருந்தாலும் நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்துடும். ஃபோன இடதுக்கு மாத்துங்க. இடதுலதான் வேணும்னா ஹேண்டிலோட மறுபக்கமும் ஓட்டை இருக்கான்னு பாத்து க்ளிப்ப அங்க மாத்தணும்.

இன்னொரு முனை, அதாவது ப்ளேடு சுழல்ற முனைல மாட்டினா மொனை பாக்கெட் அடியில இருக்கும், பயம் கம்மி, ஆனா எடுத்ததும் கைல ஒரு தடவ திருப்பிப் புடிக்கணும். கயிறும் கட்டப் போறீங்கன்னா பின் பக்கமே மாட்டுங்க.

வியாசர்பாடி_பட்டறை

கயட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த ஸ்க்ரூவுக்கு டி6 இல்லன்னா டி8 டார்க்ஸ் பிட்டு வேணும், நட்சத்திர ஓட்டை. ஆலன் கீய சொருவி திருப்பினா தலை வழுவிடும், அப்பறம் ட்ரில் பண்ணித்தான் எடுக்கணும். லிங்கி செட்டி தெருவுல டூல்ஸ் கடைல கேளு, கத்தியவும் எடுத்துகினு போய் பிட்ட போட்டு பாத்தே வாங்கு, லொடக்குன்னு ஆடினா அது சைஸ் இல்ல. கயட்ட வரலன்னா பலத்த காட்டாத, உள்ள பசை போட்டிருப்பான், சால்டரிங் அயர்ன் மொனைய ஸ்க்ரூ தலைல கொஞ்ச நேரம் வெச்சி எடு, எளகிடும்.

திரும்ப மாட்டறப்ப மரைல எண்ணெய் இல்லாம தொடச்சிட்டு நீல லாக்டைட், அதான் ஸ்க்ரூ லூஸ் ஆகாம புடிக்கற பசை, ஒரு பொட்டு. செவப்பு வாங்கிடாத. ஹேண்டில்ல க்ளிப்பு உக்கார பள்ளம் வெட்டி இருக்கான்னும் பாரு, இருந்தா பக்கவாட்டு இழுப்ப அந்த பள்ளமே தாங்கிக்கும், ஸ்க்ரூ தப்பிக்கும். வெறும் தட்டையான எடத்துல ரெண்டு ஸ்க்ரூ மட்டும் புடிச்சிகினு இருந்தா, எவ்ளோ லாக்டைட் போட்டாலும் அது மறுபடி லூஸ் ஆகத்தான் செய்யும், அடுத்த வாட்டி வாங்கறப்ப பள்ளம் இருக்கறதா பாத்து வாங்கு.