தீபாவளிக் கூட்டத்தில் சேலை போச்சு: கேமரா படத்தை ஸ்டேட்டஸில் போட்டது தப்பா?

சாலைத்தெரு ஜவுளி

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் சாலைத் தெருவில் அப்பா காலத்துக் கடை. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறரை இருக்கும். பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், திருப்புல்லாணின்னு எல்லாப் பக்கத்துச் சனமும் உள்ளே. மழை வேற பிடிச்சுக்கிட்டதால வாங்குறவங்க, வாங்காதவங்க எல்லாம் கடைக்குள்ள ஒதுங்கிட்டாங்க. ரெண்டு பொம்பளைங்க, கூடவே பத்துப் பன்னெண்டு வயசுல ஒரு பையன். சேலை செக்‌ஷன்ல அரை மணி நேரம் நின்னாங்க, ஒண்ணும் எடுக்கல. ராத்திரி கடை சாத்தி எண்ணினா மூணு சில்க் காட்டன் இல்ல. விலை 4,650 ரூபாய். கேமராவை ஓட்டிப் பார்த்தா ஒருத்தி சேலையை விரிச்சு மறைக்கிறா, பையன் கட்டைப்பையை விரிச்சுப் பிடிக்கிறான்.

அந்த இருபது செகண்டை ஸ்டேட்டஸ்ல போட்டேன். விடிஞ்சு பார்த்தா கீழக்கரை, ஏர்வாடி, பரமக்குடி வரைக்கும் போயிருச்சு. இப்ப தங்கச்சி வீட்டுக்காரரே "எடுத்துருங்க மச்சான், வம்பாகும்"ங்கிறார். திருடினவளுக்கு ஆகாத வம்பு எனக்கு என்ன ஆகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பட்டணம்காத்தான் பையன்

எடுக்காதீங்கண்ணே. மூஞ்சி ஊருக்குத் தெரிஞ்சாத்தான் அடுத்த கடைக்காரனாவது உஷாரா இருப்பான். நானும் நாலு குரூப்ல போட்டுட்டேன். கையில கிடைச்சா ரெண்டு போடு போட்டுத்தான் போலீசுக்கே சொல்லணும்.

கோர்ட்டு வாசல்

தம்பி, அந்த "ரெண்டு போடு" போட்டா கடைக்காரர் குற்றவாளிக் கூண்டுல நிப்பார், திருடினவங்க சாட்சிக் கூண்டுல நிப்பாங்க. பார்த்திருக்கேன்.

ஜவுளிக்கார அண்ணனுக்கு: 2024 ஜூலை 1-லிருந்து பழைய தண்டனைச் சட்டம் கிடையாது, பாரதிய நியாய சன்ஹிதாதான். முன்னாடி 379-ஆம் பிரிவுன்னு சொன்ன திருட்டு இப்ப 303(2)-ஆம் பிரிவு. மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழ இருந்து, முதல் தடவையா இருந்து, பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்துட்டா சமூக சேவைதான் தண்டனை.

உங்க கேஸ்ல எனக்குக் கவலை அந்தப் பையன்தான். விசாரணையில இருக்கிற சிறுவனோட படம், பேரு, ஊரு எதையும் வெளியிடக் கூடாதுன்னு இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு சொல்லுது. மீறினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். நீங்க புகார் கொடுத்த நிமிஷம் உங்க ஸ்டேட்டஸ் அதுக்குள்ள வந்து விழும். முதல்ல அதை எடுங்க. புகாரைப் பிறகு பேசலாம்.

சாலைத்தெரு ஜவுளி

வக்கீல் சார், புகார் கொடுக்கப் போகாம இல்ல. "ஐயாயிரத்துக்குக் கீழ, கோர்ட்டு உத்தரவு வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. சீசன்ல கடையைப் போட்டுட்டு நான் கோர்ட்டுக்கு அலையவா?

ஒரு கணக்குச் சொல்றேன். அந்தச் சேலை 1,550-க்கு விக்கிறேன். வட்டி, கரண்டு, ஆள் கூலி போக எனக்கு 200 நின்னா பெரிசு. மூணு சேலை போனா என் கை முதல் 4,050 போச்சு. அதை எடுக்க இருபது சேலை விக்கணும். எல்லாம் ஈரோட்லயும் சூரத்லயும் கடனுக்கு எடுத்த சரக்கு. தீபாவளிக்கு முந்தின இருபது நாள்தான் எங்களுக்கு வருஷமே. சமூக சேவையாம். யாருக்கு சேவை?

கோர்ட்டு வாசல்

நியாயமான ஆத்திரம். 5,000-க்குக் கீழ இருக்கிற சாதாரணத் திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாம அவங்க விசாரிக்க முடியாதுங்கிறது உண்மைதான். ஆனா கடைங்கிறது சரக்கைப் பத்திரமா வைக்கிற கட்டடம். அப்படிக் கட்டடத்துக்குள்ள நடக்கிற திருட்டுக்கு 305 தனியா இருக்கு, பழைய 380. ஏழு வருஷம் வரைக்கும். அதுல இந்த ஐயாயிரம் கணக்கே இல்ல. புகார்ல "கடைக்குள் சரக்கு வைத்திருந்த இடத்திலிருந்து"ன்னு தெளிவா எழுதுங்க. வாங்க மாட்டேன்னா எஸ்.பி. ஆபீசுக்குத் தபால்ல அனுப்புங்க. ஸ்டேட்டஸ் போடுற நேரத்துல பாதிதான் ஆகும்.

கீழக்கரைக் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்குத் தீபாவளின்னா எங்களுக்கு ரமலான் கடைசிப் பத்து. ராத்திரி தராவீஹ் தொழுகை முடிஞ்சு பெண்கள் கடைக்கு வந்தா விடியக்காலச் சஹர் சாப்பாட்டு நேரம் வரைக்கும் கூட்டம் அடங்காது. துபாய்ல இருந்து மச்சான் பணம் அனுப்பிருப்பார், எல்லா வீட்லயும் அந்த வாரம்தான் உடுப்பு எடுப்பு. புர்கா போட்டு யார் யாருன்னு கேமராவுல ஒண்ணும் தெரியாது. ஆகவே நாங்க படத்தை நம்பி இல்ல.

வாசல்லயே கைப்பையை வாங்கி வச்சுட்டு டோக்கன் கொடுப்போம். யாரா இருந்தாலும், என் சொந்த லாத்தாவா (அக்காவா) இருந்தாலும். ஒரு ஆளுக்கு முன்னாடி மூணு உருப்படிக்கு மேல விரிக்கக் கூடாது, நாலாவது கேட்டா முதல்ல எடுத்ததை மடிச்சு வச்சுட்டுத்தான். ட்ரையல் ரூம்ல போற துணியை எண்ணி அனுப்பி எண்ணி வாங்க ஒரு பெண். போகாமலா இருக்கு? போகுது. ஆனா குறைஞ்சிருக்கு. படம் போட்டா ஊர்ல ரெண்டு நாளைக்குப் பேச்சு, அவ்வளவுதான்.

ராமேஸ்வரம் சங்குக்கடை

இங்க வேற கதை. ஐயப்ப சாமி சீசன், ஆடி அமாவாசை, பரீட்சை லீவு. பஸ்ல இருந்து அம்பது பேர் ஒண்ணா இறங்கி ஒண்ணா ஏறுவாங்க. சாவிக்கொத்து, பாசிமணி, சின்னச் சங்கு போகத்தான் செய்யும். எடுத்தவன் பாம்பன் பாலம் தாண்டிப் போயிட்டான்னா அவன் எந்த ஊர்னு ராமநாத சாமிக்குத்தான் தெரியும். நான் சின்னச் சாமானைக் கைக்கு எட்டாம கட்டித் தொங்கவிட்டேன். பெரிய சங்கை எவனும் மடியில கட்ட முடியாது. அம்புட்டுத்தான் என் பாதுகாப்பு.

பட்டணம்காத்தான் பையன்

காக்கா, அண்ணே, உங்க ரெண்டு பேர் மாதிரி எல்லாரும் விட்டுக்கொடுத்தா திருடுறவனுக்குத்தான் தீபாவளி.

பாம்பன் பொண்ணு

டோக்கன் எல்லாருக்கும்னா யாருக்கும் கோபம் வராது. எல்லாருக்கும்னு இருக்கிறதில்லையே?

எங்க அம்மா கருவாடு விக்கிறவங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கிறிஸ்துமஸ் துணி எடுக்க ராமநாதபுரத்துல ஒரு பெரிய கடைக்குப் போனோம், பேரு வேண்டாம். கூடையை அத்தை வீட்ல வச்சுட்டு, குளிச்சு, நல்ல சேலை கட்டித்தான் அம்மா வந்தாங்க. மாடி ஏறினதுல இருந்து ஒரு ஆள் பின்னாடியே. நாங்க ரேக் மாறினா அவனும் மாறுறான். கார்ல வந்து இறங்கின குடும்பம் பக்கத்துலயே இருக்கு, அவங்க பின்னாடி யாரும் போகல. 7,200 ரூபாய்க்குத் துணி எடுத்து பில் போட்டு வெளிய வரும்போது எங்க பையை மட்டும் பிரிச்சுப் பார்த்தாங்க. அம்மா ஒண்ணும் சொல்லல. பஸ்ல வரும்போது "மீன் வாடை அடிச்சிருக்குமோ"ன்னு கேட்டாங்க.

அந்த வீடியோவைப் பார்த்துட்டு இனிமே கட்டைப்பையோட பையனைக் கூட்டிட்டு வர்ற எந்தப் பொம்பளையை நீங்க விடப்போறீங்க?

சாலைத்தெரு ஜவுளி

தங்கச்சி, அந்தக் கடையில நடந்தது தப்பு. நான் அப்படி யாரையும் பிரிச்சுப் பார்க்கல. என் கடைக்குப் பாதி வியாபாரமே கடக்கரைச் சனம்தான். ஜூன் 14 ராத்திரியோட மீன்பிடித் தடை முடிஞ்சு போட் போனாத்தான் என் கல்லாவும் நிறையும். ஆனா வீடியோவுல இருக்கிறது கண்ணால பார்த்த திருட்டு. சந்தேகம் வேற, இது வேற.

கமுதி ரோடு

சந்தேகம் வேற, இது வேறன்னு போடுற உங்களுக்குத் தெரியும். பத்தாவது குரூப்புக்குப் போகும்போது அதுல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? எனக்கு வந்ததுல "இந்த ஊர்க்காரிகள், உஷார்"னு ஒரு ஊர் பேர் சேர்ந்திருந்துச்சு. உங்க வீடியோவுல ஊரே இல்ல. யாரோ நடுவுல செருகினது.

ஊர் பேரையும் சாதி பேரையும் வச்சு, பிறந்த குழந்தையையும் திருடன் பட்டியல்ல எழுதின கைரேகைச் சட்டம், அதான் குற்றப்பரம்பரைச் சட்டம், நம்ம சனத்து மேலதான் பாய்ஞ்சது. ராத்திரியானா ஸ்டேஷன்ல போய்ப் படுக்கணும்னு எங்க தாத்தா சொல்லக் கேட்டிருக்கேன். பசும்பொன்னார் அதை எதிர்த்து ஊர் ஊராப் பேசினார். 1947-ல சென்னை மாகாணத்துல ஒழிச்சாங்க. அக்டோபர் 30 குருபூஜைக்கு போஸ்டர் ஒட்டுற பசங்களே இந்த வீடியோவை ஊர் பேர் போட்டு அனுப்புறானுங்க. எனக்கு அதுதான் தாங்கல.

பட்டணம்காத்தான் பையன்

மூணு சேலை போனதுக்கு 1947 வரைக்கும் போயிட்டீங்களேண்ணே.

உச்சிப்புளிக்காரி

நான் நாலு வருஷம் துணிக்கடையில நின்னவ. இப்ப விட்டுட்டேன். இவ்வளவு பேர் பேசியும் ஒரு ஆள் கூடக் கேக்காததை நான் கேக்கிறேன். ஜவுளி அண்ணே, அந்த 4,650-ஐ யார் கணக்குல எழுதினீங்க?

சேலை எப்படிப் போகுதுன்னு சொல்றேன். ஒருத்தி வருவா, "இதே கலர்ல பார்டர் மட்டும் வேற காட்டு"ம்பா. எட்டுச் சேலை விரிஞ்சு கிடக்கும். கூட வந்தவ அந்தப் பக்கம் "இது என்ன விலை, இது என்ன விலை"ன்னு நச்சரிப்பா. எட்டுல ஒண்ணு கீழ சரியும். சரிஞ்சதை யாரு பார்க்குறது? சீசன்ல ஒரு பொண்ணு நாலு குடும்பத்துக்குக் காட்டுவா. காலையில ஒம்பதுக்கு நின்னா ராத்திரி பதினொண்ணு. 2021-ல கடையில உக்கார வசதி செஞ்சு கொடுக்கணும்னு சட்டம் வந்துச்சு, ஸ்டூல் வந்துச்சு. உக்காந்தா மேனேஜர் முறைப்பார், அதனால அந்த ஸ்டூல் மேல துணிக்கட்டு வச்சிருந்தோம். அந்த நேரத்துல எட்டா ஏழான்னு எவளுக்கு ஞாபகம் இருக்கும்?

நான் இருந்த கடையில ஸ்டாக் எடுத்து எவ்வளவு குறைஞ்சாலும் செக்‌ஷன் பொண்ணுங்க மேல பங்கு போடுவாங்க. ஒரு தீபாவளிக்கு ஆளுக்கு 700 ரூபாய் போச்சு. நாங்க ஆறு பேர். என் தம்பிக்குச் சட்டை எடுத்த காசு அது. திருடினவ ஜாலியாப் போயிட்டா, முதலாளிக்குச் சரக்குக் காசு வந்துருச்சு. அப்போ யார்கிட்ட திருடினாங்க?

சாலைத்தெரு ஜவுளி

எல்லாக் கடையிலயும் உள்ள நடைமுறைதாம்மா. பொறுப்பு இருக்கணும்ல.

உச்சிப்புளிக்காரி

நடைமுறையைக் கேக்கலண்ணே. பொண்ணுங்க சம்பளத்துல பிடிச்சீங்களா, இல்லையா?

கோர்ட்டு வாசல்

அந்தத் தங்கச்சி சரியான இடத்துல கை வச்சுட்டா. வெள்ளைக்காரன் 1936-ல போட்ட சம்பளச் சட்டத்துலயே இது இருந்துச்சு, அதுக்குப் பதிலா 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. ஒருத்தர் பொறுப்புல ஒப்படைச்ச பொருள், அவரோட கவனக்குறைவாலேயே நேரடியாத் தொலைஞ்சாத்தான் பிடிக்கலாம். அதுவும் அவர்கிட்ட விளக்கம் கேட்டுட்டு. செக்‌ஷன் மொத்தத்துக்கும் பங்கு போட இடமே இல்ல. அண்ணே, உங்க வீடியோவே சொல்லுது, எடுத்தது அந்தப் பொண்ணுங்க இல்லைன்னு. ஊருக்கு அதைக் காட்டிட்டு, அவங்க சம்பளத்துலயும் பிடிச்சா எப்படி?

சாலைத்தெரு ஜவுளி

(ரெண்டு நாள் கழிச்சு)

ஸ்டேட்டஸ் அன்னைக்கே எடுத்துட்டேன். பையனுக்காக எடுத்தேன், அந்தப் பொம்பளைங்களுக்காக இல்ல. 305-ன்னு எழுதிப் புகார் கொடுத்தேன், ரசீது கொடுத்திருக்காங்க. பார்ப்போம்.

பிடிச்சேனான்னு கேட்ட தங்கச்சிக்கு: பாதி. 2,325. சேலை செக்‌ஷன்ல நாலு பேர். மீதியை நான்தான் ஏத்துக்கிட்டேன், அதையும் சொல்லணும்.

உச்சிப்புளிக்காரி

அப்போ ஆளுக்கு 580 சொச்சம். திருப்பிக் கொடுப்பீங்களா?

சாலைத்தெரு ஜவுளி

கிறிஸ்துமஸ் வியாபாரம் முடியட்டும்மா. கொடுக்க மாட்டேன்னு சொல்லல.

உச்சிப்புளிக்காரி

எங்க ஊர் பஸ்ல ஏறுற பொண்ணு ஒண்ணு உங்க கடையிலதான் நிக்குது. ஜனவரியில அவகிட்டக் கேட்டுக்கிறேன்.

சாலைத்தெரு ஜவுளி

கேளு. பட்டணம்காத்தான் தம்பி, நீ நாலு குரூப்ல போட்டேன்னு சொன்னியே, அதை அழிச்சிரு.

பட்டணம்காத்தான் பையன்

நான் அப்பவே அழிச்சிட்டேன்ணே. எங்க சித்தப்பா குவைத்ல இருந்து நேத்து எனக்கே அனுப்புறார்.