புதுப்பிப்பு: பாளையங்கோட்டை நூலகமும் கோட்டைச் சுவரும்

புது நூலகக் கட்டடம் எழும்புது, பக்கத்துல பழைய கோட்டைச் சுவரை யாரும் கண்டுக்கலைன்னு முன்னாடி எழுதியிருந்தேன்லா. நூலகத்துக்குக் கான்கிரீட் போட்டாச்சு, சந்தோஷம். சுவர் கதைதான் மோசம். அதுல முளைச்சிருந்த அரசமரக் கன்னை மேலாக வெட்டிட்டு, வேரை அப்படியே விட்டு, சிமெண்ட் பூசிட்டாங்க. "பளிச்சுன்னு இருக்குல்லா அண்ணாச்சி" என்கிறார் கொத்தனார். என்னத்தச் சொல்ல! சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு உலரணும். சிமெண்ட் அதை அடைச்சிடும். உப்புப் பூத்து உள்காரை பொடியா உதிரும். வேரும் மறுபடி தளிர்க்கும்.

1801இல் ஊமைத்துரை சிறை தப்பிய கோட்டை இது. ஒரு வாசல் மேடைப் போலீஸ் ஸ்டேஷனா ஆனதாலதான் பிழைச்சுதுன்னு நினைக்கேன்.

சிமெண்டைச் சுரண்டிட்டு சுண்ணாம்பே பூசச் சொல்லி மனு கொடுத்திருக்கோம். பதில் இன்னும் வரலை.