இட்லியை விடாத அப்பா: அளவு சொல்லுங்கள்

மும்பை மாட்டுங்காவில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது, 12 ஆண்டுகளாகச் சர்க்கரை. ஒரு வாரமாக, சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்து நாட்காட்டி ஓரத்தில் எழுதி வருகிறேன். நான்கு இட்லிக்கு 238. எதிர்வீட்டு மராத்தி அம்மா கொடுத்தனுப்பிய காந்தா போஹாவுக்கு (வெங்காயம் போட்ட அவல் உப்புமா) 226. பச்சைப்பயறு தோசை இரண்டும் தேங்காய்ச் சட்னியும் என்றால் 164. மருத்துவர் சொன்ன எல்லை 180. பெரிதும் நம்பியிருந்த ஓட்ஸ் கஞ்சிகூட 211 காட்டியது; குழையக் காய்ச்சியதால் வேகமாக ஏறியதோ என்னவோ.

ஆனால் இட்லி இல்லாவிட்டால் அப்பா தட்டைத் தள்ளிவிட்டுச் செய்தித்தாளுக்குள் புகுந்துகொள்கிறார். அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டி இட்லி வார்ப்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா? என்ன அளவு? கல்லாகாமல் வருமா? மாத்திரை யோசனை வேண்டாம், அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.