குவாண்டம் மெக்கானிக்ஸ் தமிழில் சொல்லித்தர யாராவது இருக்கீங்களா?

வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் பிஎஸ்சி இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் தமிழ் வழி. குவாண்டம் பாடத்தில் 'பெட்டிக்குள் அடைபட்ட துகள்' என்ற கணக்கு வரை சமாளித்துவிட்டேன்: சுவரில் அலைச்சார்பு பூஜ்யம், ஆற்றல் மட்டங்கள் 1, 4, 9 என்ற விகிதத்தில் ஏறும். சரி. அப்புறம் ஹைட்ரஜன் அணு வந்தது. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை ஆர், தீட்டா, ஃபை (ஒரு தூரம், இரண்டு கோணங்கள்) என்று மூன்றாகப் பிரிக்கும் இடத்தில் கண்ணைக் கட்டுகிறது. இயற்பியலை விட வகைக்கெழுச் சமன்பாடுதான் உதைக்கிறது என்று நினைக்கிறேன்.

என்பிடெல் (ஐஐடி பேராசிரியர்களின் இணைய வகுப்பு) காணொளிகளில் ஆங்கிலம் எனக்கு வேகம். ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் எம்எஸ்சி முடித்த அண்ணன், அக்கா யாராவது ஞாயிறு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா? மாதம் 1,000 ரூபாய் வரை தர முடியும். அதற்கு மேல் அப்பாவிடம் கேட்க மனசு வரவில்லை, தறி பாதி நாள்தான் ஓடுகிறதுங்க.